வராத வெள்ளைக் கோட்டு

சலவைக் கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் வானொலி. இஸ்திரிப் பெட்டி சூடேறும் முன்பே அவருடைய நாக்குச் சூடேறிவிடும். தொழுகையைத் தவறவிட்டவரல்லர், நோன்பில் குறை வைத்தவரல்லர், கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியவரல்லர். ஆனாலும் என்ன? ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவில் பதினைந்து முறை கொப்பளித்த அதே வாய், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே அக்கம்பக்கத்து மானத்தையெல்லாம் மென்று கொண்டிருந்தது!

“துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லுவேன்” என்பது அவருடைய பெருமை. கழுத்துப்பட்டை நைந்திருந்தால் சிக்கனக்காரர். முழங்கை நைந்திருந்தால் எழுதும் வேலைக்காரர். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இருந்ததுதான் வினையாயிற்று.

மருந்துக் கடையில் வேலை பார்த்த எதிர்வீட்டு இளைஞனின் வெள்ளைக் கோட்டு, நாற்பத்தொன்று என்ற அடையாளத் துணியோடு வாரம் இருமுறை வரும். சென்ற ஆண்டு ஒருநாள் அது நின்றுபோனது. “எங்க பாய், அந்தக் கோட்டைக் காணோம்?” என்று ஒருவர் கேட்டார். வானொலி கண் சிமிட்டினார். “மருந்துக் கடையில கை வச்சா கோட்டு எப்படி வரும்?” கடை குலுங்கிச் சிரித்தது. உள்ளே பொத்தான் தைத்துக் கொண்டிருந்த மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “பார்த்தீங்களா? பார்க்காம ஏன் சொல்றீங்க?” என்றாள். “அட, சும்மா சொன்னேன்” என்றார் அவர். சும்மா சொன்ன சொல் சும்மா இருக்குமா?

ஓராண்டு கழித்து ஒரு காலைப் பொழுதில், காக்கிச் சட்டை அணிந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் கடை வாசலில் நின்றார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் பாய். என் பொண்ணை உங்க எதிர்வீட்டுப் பையனுக்குக் கேட்டு வந்திருக்காங்க. எல்லாரும் நல்லவிதமாத்தான் சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணு இடிக்குது. கை சுத்தமில்லைன்னு மருந்துக் கடையிலேருந்து விரட்டிட்டாங்களாமே?”

“யார் சொன்னா?” என்றார் வானொலி.

“மூணு பேர் சொன்னாங்க. மூணு பேரும் உங்க கடையிலதான் கேட்டாங்களாம். அதான் நேரா உங்ககிட்டயே வந்துட்டேன். பொண்ணுக்குப் பையனைப் பிடிச்சிருக்கு. ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. நீங்க ஆமான்னு சொன்னா, இன்னைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் வேணாம்னு சொல்லி அனுப்பிடுவேன்.”

இஸ்திரிப் பெட்டி ஓடிய இடத்திலேயே நின்றது. கருகல் வாடை எழுந்தது.

“என்னங்க, சட்டை!” என்று கத்தியபடி மனைவி ஓடி வந்தாள், பெட்டியைத் தூக்கினாள், அடியில் கிடந்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “நல்லவேளை, உங்க சட்டைதான்.”

தப்பிக்க ஒரு சொல் இருந்தது. ‘கேள்விப்பட்டேன்’ என்ற சொல். அதற்கு முகமில்லை, முகவரியில்லை, நாளை மறுமையில் விசாரணைக்கு நிற்கக் காலுமில்லை. சொன்னவனைக் காப்பாற்றும், சொல்லப்பட்டவனைப் புதைக்கும். திருமணத்துக்காக விசாரிப்பவரிடம் தெரிந்த குறையை மறைப்பது தவறு என்பதை வானொலி பள்ளிவாசல் பயான் உரைகளில் பலமுறை கேட்டிருக்கிறார். ஆனால் அவருக்குத் தெரிந்தது என்ன? ஒரு கோட்டு வரவில்லை. அவ்வளவுதானே!

உண்மையைச் சொன்னால் தெருவே கைகொட்டிச் சிரிக்கும். சொல்லாவிட்டால் முகம் பார்த்திராத ஒரு பெண்ணின் பசிக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அவர் பெட்டியை அணைத்தார்.

“அண்ணே, நான் பார்த்தது ஒண்ணுதான். கோட்டு வர்றது நின்னுச்சு. மீதியெல்லாம் நானாச் சேர்த்தது.”

“சேர்த்ததா? எதுக்கு?”

“நாலு பேர் சிரிக்கட்டுமேன்னு.”

ஓட்டுநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லாச் சிரிச்சாங்களா பாய்?”

அந்தக் கேள்வி வானொலியின் நெஞ்சில் சூடு போட்டது. “கடையைப் பார்த்துக்க” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஓட்டுநரைக் கையோடு அழைத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு நடந்தார்.

மருந்துக் கடை முதலாளிக்குக் கோபமே வந்துவிட்டது. “அவனையா விரட்டினேன்? போகாதேடான்னு கெஞ்சினேன்! பெரிய ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க, போயிட்டான். அங்கே கோட்டெல்லாம் அவங்களே துவைச்சுத் தேய்ச்சுக் குடுத்துடுறாங்களாம்.”

ஓட்டுநர் முகம் மலர்ந்தது. “அல்ஹம்துலில்லாஹ்! வீட்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வர்றேன். பிள்ளை முதல்ல சாப்பிடட்டும்.”

வானொலிக்கு வேலை முடியவில்லை. அடியானுக்குச் செய்த தீங்கை அடியானிடமே தீர்க்க வேண்டும். இறைவனிடம் மட்டும் அழுது அதைக் கரைத்துவிட முடியாது. அஸர் தொழுகை முடிந்ததும், பள்ளிவாசலின் செருப்பு அடுக்கருகே இளைஞனை நிறுத்தி, ஒரு சொல்லையும் மறைக்காமல் சொன்னார்.

இளைஞன் கையிலெடுத்த செருப்பைத் திரும்ப அடுக்கில் வைத்தான். “போன வருஷம் ரெண்டு இடம் காரணம் சொல்லாமலே தட்டிப் போச்சு மாமா. எங்கம்மா ராசி இல்லைன்னு அழுதாங்க.”

“தம்பி, மன்னிச்சு ஹலால் பண்ணிடுப்பா.”

“மன்னிச்சுட்டேன். ஆனா என்கிட்ட சொன்னா மட்டும் போதுமா? யார்கிட்ட எல்லாம் அப்படிச் சொன்னீங்களோ, அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. முதல்ல எங்கம்மாகிட்ட.”

நியாயமான தீர்ப்பு! வானொலி அன்றே சாலையைக் கடந்து எதிர்வீட்டுப் படியேறினார். மறுநாளிலிருந்து, சிரித்தவர் ஒவ்வொருவரிடமும் துணிக்கட்டோடு சேர்த்து ஒரு வாக்கியத்தையும் கொடுத்தார்: “அன்னைக்கு நான் சொன்னது பொய். பையன் தங்கம்.” சிலர் கேலி செய்தார்கள், சிலர் தலைகுனிந்தார்கள். வாரக் கடைசியில் அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, எதிர்வீட்டிலிருந்து புத்தம் புது வெள்ளைச் சட்டை ஒன்று மேசைக்கு வந்தது. எத்தனையோ துணி தேய்த்த கை, அதன் மேல் தொழுகை விரிப்பை விரிப்பது போல் மெல்ல ஓடியது.

“மாப்பிள்ளைச் சட்டையா?” என்று ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தார். “பொண்ணு வீட்டுல எப்படி பாய்? உங்களுக்குத் தெரியாததா?”

வானொலி சட்டையை உயர்த்திப் பிடித்தார். “சட்டையில சுருக்கம் இல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் சிரித்தது. “அப்பாடா! வானொலியை நிறுத்துற பொத்தான் ஒருவழியா கிடைச்சுருச்சு!”