இரண்டாவது பெட்டி

"ரெண்டாவது பெட்டி யாருக்கு, ரோனா?"

பெத்யூன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த அட்டையைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பள்ளத்தாக்கு முழுவதற்கும் சாவுக் காரியங்களை நடத்திக்கொடுப்பவர் அவர்தான். "நான் ஒரு பெட்டிதானே செஞ்சு கொண்டுவந்திருக்கேன். வேற யாரும் போயிட்டாங்களா?"

மூன்று நாளில் முதல் தடவையாக ரோனாவுக்குச் சிரிப்பு வந்தது. "அது சவப்பெட்டி இல்ல, மிஸ்டர் பெத்யூன். அக்கார்டியன்."

அட்டையில் இருந்தது கயிறு பிடிப்பவர்களின் பட்டியல். பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறுகள். தலைமாட்டுக் கயிறு ஒன்றாம் எண், கால்மாட்டுக் கயிறு இரண்டாம் எண், மற்றவை பக்கவாட்டில். இறந்தவருக்கு யார் எவ்வளவு வேண்டியவர் என்பதைக் கயிற்றின் எண்ணை வைத்தே ஊர் தெரிந்துகொள்ளும். இறந்துபோன டூகல் மெக்கின்ராய், ரோனாவின் அப்பா, நடன இரவுகளுக்கு மெட்டு வரிசை எழுதும் அதே மாதிரி அட்டையில், அதே பச்சை மையில், சென்ற மார்ச் மாதத் தேதியிட்டு எழுதிவைத்திருந்தார். ஒன்று, ரோனா. இரண்டு, இரண்டாவது பெட்டி. மூன்று, ஆர்ச்சி.

மூன்றைப் பார்த்ததும் அவருடைய தம்பி ஆர்ச்சி தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டார்.

"பதினோரு வருஷமா இந்த வாசல மிதிக்காதவனுக்குக் கால்மாட்டுக் கயிறா? கூடப்பிறந்தவன் நான் பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கணுமா?"

"எழுதினது அப்பா, சித்தப்பா."

"பேரு எங்க எழுதியிருக்கான்? சின்ன வயசுல நானும்தான் பெட்டி வாசிச்சேன்."

"நீங்க வாசிச்சப்ப நாய் வீட்டை விட்டே போயிடுச்சுன்னு அப்பா சொல்வார்."

பெத்யூனுக்குத் தேநீர் புரை ஏறியது.

டூகலின் நடன இசைக் குழுவில் முதல் பெட்டி மெட்டை வாசிக்கும். இரண்டாவது பெட்டி அதற்கு அடியில் இழைந்து நின்று தாங்கும். இருபத்துநான்கு வருடங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் இன்னிஸ். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு நாள் ஊர் ஹாலில் எட்டுப் பேர் ஆடும் ரீல் நடனம் நடந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது மெட்டில் டூகலின் விரல் வழுக்கியது. இன்னிஸ் சட்டென்று மெட்டை மேலே எடுத்து, நாலு சுற்று ஓட்டி, திருப்பிக் கொடுத்தார். ஆடியவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்து அக்கார்டியன் துருத்தியின் வாரை மாட்டும்போது டூகல் கேட்டது ஒன்றே ஒன்று: "நான் எடுக்கச் சொன்னேனா?" இன்னிஸ் தன் பெட்டியை வேனில் ஏற்றினார். அவ்வளவுதான்.

அதன்பிறகு வாசிக்க வருகிறேன் என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. "இடம் காலியில்ல, ஆள் இருக்கு" என்பார் டூகல். வேடிக்கையாகப் பேசுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ரோனாவும்தான்.

"பேரு இல்லாட்டி என்ன, ஆளு யாருன்னு உங்களுக்கும் தெரியும்" என்றாள் சித்தப்பாவிடம். கார் சாவியை எடுத்தாள். அடக்கம் பிற்பகல் இரண்டு மணிக்கு. இன்னிஸின் வீடு மேலே எட்டு மைல்.

வழியெல்லாம் செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் கண்முன் நின்றது. அவள் குழுவின் டிரம் வாசிப்பவள். முப்பது வருடங்கள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தவள். மெட்டு மாறப்போகிறது என்றால் அவர் தாளம் தட்டுவதை நிறுத்தி இடது குதிகாலைத் தூக்குவார். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் மாறுவார்கள். செவ்வாயன்று போர்வைக்குள் அந்தக் குதிகால் எழுந்தது. ரோனா பழக்கதோஷத்தில் அடுத்த மெட்டுக்காகக் காத்திருந்தாள். நர்ஸ் வந்து தோளைத் தொடும்வரை காத்திருந்தாள்.

இன்னிஸ் கோழிக்கூண்டுக்குக் கம்பி வலை அடித்துக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு ஆணிகள்.

"கேள்விப்பட்டேன்" என்றார் ஆணிகளை எடுத்துவிட்டு. "வலி இல்லாமப் போனானா?"

"இல்லாமத்தான், மாமா. நீங்க கயிறு பிடிக்க வரணும்."

"உனக்குப் பெரிய மனசு. ஆர்ச்சி குதிப்பானே, விடு."

"நான் கூப்பிடல. அப்பா எழுதி வச்சிருக்கார். ரெண்டாம் நம்பர்."

சுத்தியல் நின்றது. "என்னன்னு எழுதியிருக்கான்?"

"இரண்டாவது பெட்டி."

"என் பேரு?"

ரோனா பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "இல்ல."

இன்னிஸ் கோழிகளின் பக்கம் திரும்பினார். ஒரு கோழி அவருடைய பூட்ஸ் கயிற்றைக் கொத்தியது.

"நல்லதாப் போச்சு. பேரு எழுதியிருந்தா வந்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "அந்தக் கழுத்துப்பட்டைய எங்க வச்சேனோ தெரியல" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கல்லறைத் தோட்டத்தில் தூறல் விட்டிருந்தது. பெத்யூன் அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ரோனா தலைமாட்டில் போய் நின்றாள். "இரண்டு," என்று நிறுத்தி, எழுதியிருந்தபடியே வாசித்தார்: "இரண்டாவது பெட்டி."

கூட்டத்தின் பின்னாலிருந்து இன்னிஸ் வந்தார். குழுவின் பழைய கட்டம்போட்ட கழுத்துப்பட்டை, மடிப்புக் கலையாமல். ஆர்ச்சி அவருக்கு வழிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் மூன்றாம் கயிற்றைப் பிடித்தார். "குனியறப்ப இடுப்பப் பாத்துக்க" என்று மட்டும் இன்னிஸிடம் சொன்னார்.

எட்டுப் பேரும் கயிற்றை இறுக்கினார்கள். குழிக்குக் குறுக்கே பெட்டியைத் தாங்கியிருந்த கட்டை உருவப்பட்டது. கனம் கைக்கு வந்தது. பெத்யூன் இறக்கலாம் என்று தலையசைத்தார்.

கால்மாட்டுக் கயிறு இளகவில்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். பெத்யூன் இன்னொரு தடவை தலையசைத்தார். இன்னிஸ் அவரைப் பார்க்கவே இல்லை. பெட்டிக்கு அந்தப் பக்கம், ரோனாவின் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரப் புல்லிலிருந்து ரோனாவின் இடது குதிகால் மெல்ல எழுந்தது. கயிறு இறங்கத் தொடங்கியது.