குரு திசை வரட்டும்

பல்செட் செய்கிறவர் சிரிக்க மாட்டார் என்பது அந்தப் பல் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். பின்னறையில் பிளாஸ்டர் அச்சுகளுக்கும் மெழுகுத் துண்டுகளுக்கும் நடுவே முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுத்தவர், தன் பல்லை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. கேட்டால், "இப்ப என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? குரு திசை வரட்டும்" என்பார்.

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. அவர் பிறந்தபோது எழுதிய ஜாதக நோட்டு ஒன்று இருந்தது. அதன்படி நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தொன்பது வரை ராகு திசை, அதன் பிறகு பதினாறு வருஷம் குரு திசை. வீட்டுக்கு வழக்கமாகப் பார்க்கிற ஜோசியர் அந்த நோட்டைப் புரட்டி, "ராகு முடியற வரைக்கும் புதுசா எதையும் தொடாதீங்க. குரு வந்துட்டா உங்களைப் பிடிக்க ஆள் கிடையாது" என்று சொல்லி வைத்தார். இவரும் சொன்னதைத் தட்டாத மனுஷர்.

நாற்பத்தைந்து வயதில், பெரிய டாக்டர் அவரைக் கூப்பிட்டு, "பல்செட் லேபை நீங்களே எடுத்து நடத்துங்க, போர்டுல உங்க பேரைப் போட்டுக்குங்க" என்றார். இவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். ராகு இனிப்பைக் காட்டித்தான் ஏமாற்றுவான் என்று அவருக்குத் தெரியுமாம்.

அதையாவது விடலாம். ஐம்பதாவது வயதில், மகள் தான் விரும்பிய பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். பையன் மீது குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுவே ராகுவின் வேலை என்று இவருக்குப் பட்டது. "ஒம்பது வருஷம் பொறுத்துக்கோம்மா, குரு திசையில ஜாம் ஜாம்னு செய்யறேன்" என்றார். "எனக்கு முப்பத்தி நாலு ஆயிடும்பா" என்று அழுதாள். பிறகு ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். இவர் போகவில்லை, மனைவியையும் விடவில்லை. "ராகு திசையில நாம அந்த வாசலை மிதிச்சா அவளுக்குத்தான் ஆகாது. குரு வரட்டும், நானே போய்க் கூட்டிட்டு வரேன்" என்றார். பேத்தி பிறந்தபோதும் அதே பேச்சு.

மகளுக்கு ஆகாது என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அவர் மனைவி ஒன்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஏழு வயதுப் பேத்தியை போனில்தான் பார்த்திருக்கிறாள். பேத்தி வீடியோவில் பேசும்போதெல்லாம் இவர் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பார்.

நேற்றோடு ஐம்பத்தொன்பது முடிந்தது. இன்று காலை எழுந்ததுமே மனைவி பையைக் கட்டிவிட்டாள். பேத்திக்கு கவுன், கலர் பென்சில், அளவு தெரியாமல் வாங்கிய செருப்பு. பத்து மணிக்கு பஸ். "கிளம்பற நேரத்தை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று இவர் நோட்டோடு புறப்பட்டார். பழைய ஜோசியர் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டதால், ஜெராக்ஸ் கடை மாடியில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற ஜோசியக்கார அம்மாவிடம் போனார்.

அந்த அம்மா பிறந்த தேதியையும் நேரத்தையும் தட்டினாள். திரையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சார், நீங்க பொறந்தப்போ நடந்தது சுக்கிர திசை, மொத்தம் இருபது வருஷம். அதுல பதினெட்டு ஏற்கனவே போயாச்சு, மிச்சம் ரெண்டுதான். எழுதினவர் போன கணக்கை மிச்சம்னு எழுதிட்டாரு. அதனால இந்த நோட்டுல எல்லாமே பதினாறு வருஷம் தள்ளிப் போயிடுச்சு."

"அப்ப குரு திசை?"

"உங்க நாப்பத்தி மூணு வயசுல வந்துது சார். நேத்தோட முடிஞ்சுது. இன்னிலேர்ந்து சனி திசை, பத்தொன்பது வருஷம்."

இவர் நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "நோட்டுல இருக்கறபடியே வெச்சுக்க முடியாதாம்மா?" என்று கேட்டார்.

"கிரகத்துக்கு நோட்டு படிக்கத் தெரியாதே சார்" என்றவள், இவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "அந்தப் பதினாறு வருஷத்துல ஏதாவது நல்லது நடந்திருக்கணுமே?"

"எல்லாம் வந்துதும்மா. ராகுன்னு நினைச்சு நான்தான் கதவைச் சாத்திட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது மனைவி புடவை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லிவிடலாம் என்றுதான் படியேறி வந்தார். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அவ கல்யாணம் நடந்தப்போ?"

"குரு திசை."

"குழந்தை பொறந்தப்போ?"

"அதுவும் குருதான்."

"பதினாறு வருஷமா குரு நம்ம வீட்டுலயே உக்காந்திருந்தாருன்னு சொல்றீங்க. அவருக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தோமாங்க?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இல்லம்மா... சனி திசை ஆரம்பிச்ச அன்னிக்கே போனா, குழந்தைக்கு ஏதாவது..."

"இதையே சொல்லித்தான் என் வாயை அடைச்சீங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நீங்க எந்த திசையில பொறந்திருந்தாலும் இப்படித்தான் உக்காந்திருப்பீங்க. நான் போறேன். வரதும் வராததும் உங்க இஷ்டம்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று அவருக்குத் தெரிந்தது. தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாக எந்த நோட்டிலும் அவர் படித்ததில்லை. போய்விட வேண்டும் என்று மனசு துடித்தது. எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார், செருப்பை மாட்டினார். நிலைப்படிக்கு வந்தவர், பழக்க தோஷம், சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். எமகண்டம் ஒன்பது முதல் பத்தரை வரை.

மணி பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. ஓடினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மாடிப்படியில் அவள் இறங்குகிற சத்தம் கேட்டது, கடைசிப் படியில் ஒரு நிமிஷம் நின்றது போலவும் இருந்தது. பிறகு கேட் திறந்து மூடியது.

பல்செட்காரர் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பத்தரை ஆகட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.