சின்ன கேசட்டின் சாட்சி

வாருங்கள், வெண்ணந்தூருக்கு! எண்பத்தெட்டாம் ஆண்டு ஊர்ப் பஞ்சாயத்தில் அரங்கேறிய அநீதியை உங்கள் கண்ணாலேயே காணுங்கள்.

கைக்குழந்தையோடு நிற்பவள் ஆராயி. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊரறிய அவளை மணந்த லாரி முதலாளி கந்தப்பன், புதுச்சத்திரத்தில் வேறொரு பெண்ணுக்கு மாலையிட நாள் குறித்துவிட்டு, ஆராயிக்குத் தாலியே கட்டவில்லை என்று சாதிக்கிறான். மனைவி என்ற பெயரையும், மகளுக்குத் தகப்பன் பெயரையும் காக்க அவளிடம் இருந்தது ஒரே ஒரு கேசட்.

அவள் கல்யாண வீடியோ பதிவான பீட்டாமாக்ஸ் கேசட்; அளவில் சிறியது, அதற்கென்ற டெக்கில் மட்டுமே ஓடும். திருமணத்தைப் படம் பிடிக்கச் சேலத்திலிருந்து ஆள் வரவழைத்தவன் கந்தப்பனே. "படம் கண்ணாடியாட்டம் இருக்கும்" என்று பெருமையடித்துக்கொண்டவனும் அவனே. மெய்தான். ஆனால் தெளிவு எதைக் காப்பாற்றியது? முழு சினிமாவும் ஒரே நாடாவில் அடங்குகிறது என்று வாடகைக் கடைக்காரர்கள் பெரிய கேசட்டான வி.எச்.எஸ்ஸையே அடுக்கினார்கள். பீட்டாவை ஓட்டும் டெக்குகள் மூலைக்குப் போயின.

கேசட்டைப் பார்த்தே தீர்ப்பு என்றது பஞ்சாயத்து. பீட்டா டெக் எளிதில் கிடைக்காது என்பதை அறிந்தவன் கந்தப்பன். "டெக்க நானே கொண்டாரனுங்க" என்றான். கொண்டுவந்தது வி.எச்.எஸ் டெக்.

ஆராயி கொடுத்த கேசட் அதன் வாய்க்குள் பொருந்தாமல் ஆடியது. கந்தப்பனின் தங்கை கணவன் அப்புசாமி கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினான். திரும்பப் பிடுங்கியபோது நாடா அறுந்து தொங்கியது.

"பெரிய ஊட்டுக்காரின்னா பெரிய கேசட்டுல இருப்பாளுங்க. சின்ன கேசட்டுல இருக்கறது சின்ன ஊடுதானுங்க!" என்றான் அப்புசாமி.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பே தீர்ப்பாயிற்று.

திருமணத்தை நடத்திவைத்த அருமைக்காரர் சின்னுசாமியின் பக்கம் ஆராயி திரும்பினாள்.

"ஏனுங்க பெரியப்பா, தாலிய எடுத்துக் குடுத்தது உங்க கைதானுங்களே?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "படம் ஓடலியே சாமி. நான் என்னத்தச் சொல்றது?"

"படம் ஓடலீன்னா உங்க கண்ணு அவிஞ்சு போச்சுங்களா? பந்தியில உக்காந்து தின்னவீங்களுக்கெல்லாம் வாயி அடைச்சுப் போச்சுங்களா?"

கூட்டம் எழுந்து கலைந்தது. குறித்த நாளில் கந்தப்பன் மறுமணம் முடித்தான். அந்தப் பந்தியிலும் அதே ஊர்தான் இலை போட்டு உட்கார்ந்தது.

ஆராயி இப்போது நீதிமன்றப் படியேறியிருக்கிறாள், அறுந்த நாடாவோடு. அவள் கல்யாணச் சோற்றை உண்டவர்களே, அறுந்தது நாடாதான். உங்கள் நாக்கு அல்ல. வழக்கு நாளில் சாட்சிக் கூண்டேறுங்கள்! இதைப் படிப்பவர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஆராயி நிற்கிறாள். அவளுக்காக ஓர் இயந்திரம் வந்து பேசட்டும் என்று காத்திராதீர்கள். எழுந்து நின்று, கண்டதைச் சொல்லுங்கள்!