டோக்கன் எண்ணும் இட்லிக் கடையும்

தச்சநல்லூரில் கால் கிலோ அல்வா கேட்ட ஐயம்பெருமாளுக்கு, கடைக்காரர் நூறு கிராம்தான் கட்டிக் கொடுத்தார்.

"உமக்குச் சர்க்கரை முந்நூத்திப் பத்து வே. இதுவே அதிகம்."

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஐயம்பெருமாளுக்கே அப்போதுதான் தெரியும்.

ரத்தமும் சளியும் பரிசோதிக்கும் நிலையத்தின் இணையதளத்தைச் செய்துகொடுத்த மணிராஜ் இதைக் கேட்டுச் சிரித்தான். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைப் போட்டால்தான் தளத்துக்குள் நுழைய முடியும். நுழைந்துவிட்டால் கேள்வி கிடையாது. தேதியும் டோக்கன் எண்ணும்தான் அறிக்கையின் முகவரி. டோக்கன் எண்ணை மாற்றினால், வரிசையில் முன்னால் நின்றவரின் அறிக்கையை அந்த நொடியே தயாரித்து நீட்டும். ஊரில் பாதிப் பேர் செய்தித்தாளை நிறுத்திவிட்டு அடுத்தவர் கொழுப்பைப் படித்தார்கள்.

நிலையத்தில் வேலை பார்த்த ஷஃபீகா தளம் தொடங்கியபோதே அவனை இரண்டு முறை எச்சரித்திருந்தாள்.

"எவன் மெனக்கெட்டு மாத்திப் பாக்கப் போறான்? பைய சரி பண்ணுவோம்" என்றிருந்தான் மணிராஜ்.

ஒரு காலை, சில வாரம் பூட்டிக் கிடந்து திறந்த இசக்கிச்செல்வியின் இட்லிக் கடைக்கு மணிராஜ் போனான். மணி ஒன்பது. கொப்பரை நிறைய இட்லி, பெஞ்சில் ஆளில்லை.

"என்னக்கா, ஒருத்தரையும் காணும்?"

"எனக்குக் காசநோய்னு ஊருக்கே தெரியுதே, உனக்குத் தெரியாதாக்கும்? டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் நான் அடுப்பே பத்த வைக்கல. இனி யாருக்கும் ஒட்டாது, கடையத் தொறன்னு அவருதான் சொன்னாரு. வீட்டுக்காரரத் தவிர யார்ட்டயும் நான் மூச்சு விடல. எவனோ என் சளி ரிப்போர்ட்டப் போன்ல பாத்துத் தெரு பூரா சொல்லிட்டான்." தட்டை நீட்டினாள். "நீயாவது சாப்பிடுதியா?"

மணிராஜ் தட்டை வாங்கிப் பெஞ்சில் வைத்தான்.

"அந்தத் தளத்தச் செஞ்சது நான்தான்க்கா. உள்ள நுழைய மட்டும் ரகசிய எண் கேக்கும், அப்புறம் யாரு தாளையும் காட்டிரும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாசல்ல பூட்டப் போட்டுட்டு, உள்ள எல்லா அறையையும் தொறந்தா போட்ட?"

நண்பகலுக்குள் தளத்தை நிறுத்தினான். ஐந்து நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினான். இப்போது ஒவ்வொரு அறிக்கையையும் தயாரிக்கும் முன், கேட்பவருக்கு உரியதுதானா என்று தளம் பார்க்கும். இல்லையென்றால் தராது.

ஆறாம் நாள் கடைக்கு வந்து சொன்னான். பெஞ்சில் அன்றும் அவன் ஒருவன்தான்.

"உள்ள வந்தவன்தானேன்னு எல்லாத்தையும் கையில கொடுத்தது என் தப்புக்கா. ஒவ்வொரு தாளுக்கும் இது யாருதுன்னு கேட்டிருக்கணும்."

இசக்கிச்செல்வி நான்கு இட்லியை எடுத்து வைத்தாள்.

"இனி வாரவங்களுக்கு அது போதும் தம்பி. என் தாளப் படிச்சவன் மனசுல இருக்கிறத எப்படி அழிப்ப? அதான், ஒவ்வொரு அறைக்கும் பூட்ட முதல் நாளே போடணும்."