மாரிசாமியின் கைராசி

டாக்டர் சிவரூபி எக்ஸ்ரே படத்தை வாங்கிக்கொண்டு, கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உங்கட மனிசி எங்க?"

"கொழுந்து எடுக்கப் போயிருக்குதுங்கம்மா. படத்தக் காட்டுனா போதும்னுதான் நான் மட்டும் வந்தேன்."

மாரிசாமிக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. நோவு மனைவி பெரியாயியின் கழுத்தில், கழுத்து படத்தில், படம் கையில். அது தொண்ணூற்றெட்டாம் வருடச் சித்திரை முடிந்து மலையெல்லாம் தேயிலைக் கொழுந்து பொங்கிக் கிடந்த நேரம். ஒரு படத்துக்காக ரெண்டு பேர் வேலையை விட்டுவிட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அலைவானேன்?

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் செருகினார். பார்த்தார். பேனா முனையை ஓரிடத்தில் வைத்தவர் அதை எடுக்கவே இல்லை.

"அவவுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கமோ?"

"பத்து வருசமா முடிச்சு முடிச்சா வீங்கிக் கெடக்குங்க. அதோடதான் கொழுந்து எடுக்குது."

"அதே மூட்டுவாத வருத்தம்தான் கழுத்தின்ர மேல் மூட்டையும் அரிச்சிருக்கு. இந்த எலும்பு தன்ர இடத்தில இல்லை, முன்னுக்கு விலகி நிக்குது. மூளைக்கு ரத்தம் போற குழாய் இந்த எலும்புகளுக்குள்ளாலதான் மேல போகுது." திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். "கழுத்தை ஆரும் திருப்பி நெட்டி முறிக்கிறவையோ?"

மாரிசாமி தன் இரண்டு கையையும் பார்த்தான்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். மேல் டிவிசனில் எவனுக்குச் சுளுக்கு என்றாலும் மாரிசாமியின் லயத்து வீட்டு வாசலில்தான் வந்து உட்காருவான். இருபத்தைந்து வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டிய கை. ஒரு கை பிடரியில், ஒரு கை மோவாயில். "இன்னைக்கு வீட்டுல என்னா கறி?" என்று பேச்சுக் கொடுப்பான். வந்தவன் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது ஒரே திருப்பு. டக்கென்று சத்தம் கேட்கும். வலி போயிற்றென்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நாலு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் பெரியாயியின் கழுத்தையும் அவன்தான் திருப்பினான். தலையில் மாட்டும் கொழுந்துக் கூடையின் கயிறு கழுத்தை இழுத்து இழுத்து, அவளுக்கு அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

"லயத்துல ஒருத்தரு சுளுக்கு எடுப்பாருங்க" என்றான். சொன்ன கையோடு தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"எடுத்தாப் பிறகு கை மரத்துப் போனதோ? நாக்குக் குழறினதோ?"

மூன்று தடவை. மாசியில் ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பை அவள் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. இன்னொரு நாள் பேச்சு வாய்க்குள்ளேயே குழைந்தது. போன வாரம் கால் மணி நேரம் எழுந்து நிற்க முடியவில்லை. "நரம்பு எடங்கொடுக்குது புள்ள, இப்ப சரியாயிரும்" என்று மூன்று தடவையும் சொன்னவன் அவன்தான். சரியாகவும் ஆயிற்று. அதைப் பெருமையாக வேறு நாலு பேரிடம் சொல்லித் திரிந்தான்.

"மூணு தடவ, அம்மா."

"அது மூண்டு தரமும் வந்திட்டுத் திரும்பிப் போன பாரிசவாதம், கை கால் விழுற வருத்தம். அடுத்த தரம் வந்தா போகாது. உயிரும் போகலாம்." டாக்டர் ஒரு கழுத்துப் பட்டையை எடுத்து அவன் கையில் வைத்தார். "இதைப் போட்டு இண்டைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்த ஆளிட்டச் சொல்லுங்கோ, இனி அவற்ற கை இந்தக் கழுத்தில படக்கூடாது."

அன்று சனிக்கிழமை. அது வராந்தாவுக்கு வந்த பிறகுதான் மாரிசாமிக்கு உறைத்தது.

காலையில் புறப்படும்போது மச்சினன் ரமேஸிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். "நான் வர இருட்டிரும். அஞ்சு மணிக்கு அக்கா வந்ததும் நீ ஒரு திருப்பு திருப்பி விட்டுரு." ரமேஸுக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவனும் அவனேதான். பையன் கொஞ்சம் முரடு. தன் கையைவிடப் பலம் என்று போன மாதம்தான் மெச்சியிருந்தான்.

மணி மூன்றே கால். டவுனில் ஒரு கடையிலிருந்து தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் எடுத்தான். முந்தின நாள் மழையில் லைன் செத்துக் கிடந்தது. பஸ் ஏறினால் டிரைவர் தேத்தண்ணி குடித்துவிட்டு ஆடி அசைந்து வந்தான். சண்டை நடக்கும் காலம், பாதி வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு ஆமிக்காரன் எக்ஸ்ரே இருந்த பெரிய காக்கி உறையைப் பிரித்து, படத்தை வெயிலுக்கு நேரே பிடித்துச் சாவகாசமாகப் பார்த்தான். பெரியாயியின் கழுத்து அங்கே அந்தரத்தில் தொங்கியது. விடுங்கள் ஐயா, அந்தக் கழுத்தைக் காப்பாற்றத்தான் ஓடுகிறேன் என்று சொல்ல மாரிசாமிக்குச் சிங்களம் வரவில்லை.

பஸ் ஃபெக்டரிச் சந்தியோடு சரி. இறங்கியபோது ஐந்தாகப் பத்து நிமிடம். ரோட்டால் போனால் முக்கால் மணி நேரம் ஆகும் என்று தேயிலைக்குள் குறுக்கே ஏறினான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பட்டையை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீர்க் காண்களைத் தாவி ஏறினான். அட்டை கடித்தது தெரியவில்லை. அவள் கையிலிருந்து விழுந்த கோப்பைதான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. அன்று அவள் பயந்துபோய் அவன் முகத்தைத்தான் பார்த்தாள். அவனோ சிரித்தான்.

லயத்து வாசலில் எண்ணெய் வாசம் அடித்தது. உள்ளே பெரியாயி பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ரமேஸ், இரண்டு கையிலும் எண்ணெய்.

மாரிசாமி கத்தினான். காற்றுத்தான் வந்தது.

"வந்துட்டீங்களா மச்சான்?" என்றான் ரமேஸ். "நாலு தடவ கேட்டுட்டேன், அக்கா கழுத்தக் குடுக்க மாட்டேங்குது. அவரு கைதான் வேணும்னு ஒக்காந்திருக்கு."

மாரிசாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். கண்ணில் நீர் முட்டியது. "ஓடிப்போயி கடக்கார ஸலீம் பாய் வேனக் கூட்டியா. ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே." அவன் முகத்தைப் பார்த்த ரமேஸ் எண்ணெய்க் கையோடேயே ஓடினான்.

"என்னாங்க, இப்புடி எரைக்குது ஒங்களுக்கு?" என்றாள் பெரியாயி. "இன்னைக்கு ரொம்ப வலி. ஒரு திருப்பு திருப்பி விடுங்க, பெறகு எங்க வேணும்னாலும் போவோம்." அவன் பின்னால் வந்து நின்றதும், சனிக்கிழமைகளில் செய்வதுபோலக் கண்ணை மூடித் தலையை அவன் வயிற்றில் சாய்த்தாள்.

அவன் இரண்டு கையாலும் அந்தத் தலையைத் தாங்கி, அசையாமல் நேரே பிடித்தான்.

"என்னா நிக்கிறீங்க? திருப்புங்க."

"மாட்டேன் புள்ள. இனி யாரும் திருப்பக் கூடாது. கை மரத்துச்சே, நாக்குக் கொழறுச்சே, அதெல்லாம் நெட்டி எடுத்ததாலதான். யாரு எடுத்தான்னு டாக்டரம்மா கேட்டாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"பேரச் சொல்லல."

"ஏன் சொல்லல?" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "கை மரத்தா என்னா, ஒடனே சரியாக்கிட்டீங்கல்ல. ஒங்க கைராசிய அந்தம்மாவுந்தான் தெரிஞ்சிக்கட்டுமே."

மாரிசாமி மெதுவாகப் பட்டையை அவள் கழுத்தில் சுற்றினான். அதை மாட்டி முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

"சொல்றேன் புள்ள" என்றான். "இப்பப் போனதும் மொதல் வேலையா அதத்தான் சொல்லப் போறேன்."