சூடாகும் வரை

அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில், கார்களுக்குப் பின்னால் நின்று "வரலாம், வரலாம், போதும்" என்று சொல்வதுதான் அப்பாவின் வேலை. பின்னால் என்றால், புகைக்குழாய்க்கு நேராக. காலையில் எல்லாரும் ஒரே சமயத்தில் ஆபீஸ் கிளம்புவார்கள். ஒவ்வொரு வண்டியும் ரிவர்ஸில் வெளியே வர வழிகாட்ட வேண்டும். அப்படித்தான் என்னைப் படிக்க வைத்தார். அப்படியே நெஞ்சையும் கெடுத்துக்கொண்டார். வேறு வேலை பாருங்கள் என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

நான் கார் கம்பெனியில் இருக்கிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. எஞ்சினை ஆட்டிவைக்கும் பெட்டிக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை. புகைக்குழாயில் கன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டு. விஷப்புகையைச் சுத்தம் செய்வது அதுதான். ஆனால் நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். அதுவரை அது வெறும் தகர டப்பா. குளிர்ந்து கிடந்த வண்டி ஸ்டார்ட் ஆனதும் வருகிற முதல் புகைதான் படுமோசம். அது முழுக்க அப்பாவுக்கு.

அதனால் புது மாடலில் ஒரு வேலை செய்தேன். ஸ்டார்ட் ஆனதும் தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, எஞ்சின் வேகத்தை ஏற்றி, வெப்பத்தையெல்லாம் கன்வெர்ட்டர் பக்கம் தள்ளினேன். மளமளவென்று சூடேறியது. புகை அளவு சரிவதைத் திரையில் பார்த்து, பைத்தியம் போலத் தனியாகச் சிரித்தேன்.

மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஸ்டார்ட் பண்ணா வண்டி உறுமுதே. ஷோரூம்ல கஸ்டமர் பயந்துடுவாங்க."

"கொஞ்ச நேரம்தான் சார். கன்வெர்ட்டர் சூடானதும் அடங்கிடும்."

"அது இல்லாமலே டெஸ்ட்ல பாஸ் ஆகுதுல்ல?"

ஆகிறது. டெஸ்ட்டில் வண்டியை நெடுந்தூரம் ஓட்டி, மொத்தப் புகையை அந்தத் தூரத்தால் வகுப்பார்கள். முதல் புகை அதில் கரைந்து காணாமல் போய்விடும்.

"ஆகுது சார். ஆனா பின்னாடி நிக்கிறவங்க கிலோமீட்டர் கணக்குலயா மூச்சு விடுறாங்க?"

"காருக்குப் பின்னாடி எவன்மா நிப்பான்?"

"செல்ஃபி எடுக்கிறவன் நிப்பான் சார்," என்றான் பக்கத்து மேஜைக்காரன்.

"எங்கப்பா நிப்பார்," என்றேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம்மா," என்றார். "அந்த செட்டிங்கை எடுத்துடு."

முடியாது என்றேன். செல்ஃபிக்காரன் எடுத்தான். சாப்பாட்டு இடைவேளைக்குள் வேலை முடிந்துவிட்டது.

வண்டி விற்பனைக்கு வந்தது. ஒரு நாள் காலை, அப்பா வீட்டில் மறந்துவிட்டுப் போன இன்ஹேலரைக் கொடுக்க பேஸ்மென்ட்டுக்குப் போனேன். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார். அதற்கு மேலே கண்கள் சிரித்தன.

"அம்மாடி, கரெக்டா வந்தே! மேல்மாடி சார் உன் வண்டி வாங்கியிருக்காரு. பாரேன்!"

அந்த வண்டி ஸ்டார்ட் ஆனது. உறுமவே இல்லை.

"பூனை மாதிரி இருக்கு பாத்தியா? சத்தமே காணோம்." அப்பா குழாய்க்கு நேராகப் போய் நின்றார்.

"அப்பா, தள்ளி நில்லுங்க!"

"சும்மா இரு. மத்த வண்டிக்குத்தான் இந்த முகமூடியெல்லாம்." கைக்குட்டையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டார். "எம்பொண்ணு செஞ்சதுல என்ன விஷம் வரப்போகுது?"

"அப்பா, அது இன்னும் சூடாகலப்பா..."

அவர் காதில் விழவில்லை. இரண்டு கைகளையும் அசைத்து, "வரலாம், வரலாம்" என்றார். "போதும்" வரவில்லை. இருமல்தான் வந்தது. வண்டியின் முதுகில் தட்டி நிறுத்தினார்.