கலை, பண்பாடு மட்டும்

கோட்டைக்குப் போன ஒப்பந்தம் டெல்லி வரைக்கும் சுற்றிவிட்டு ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, நான் கேட்ட ஒரே வரி அதில் அடிக்கப்பட்டிருந்தது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் உள்ள எங்கள் பேரூராட்சிக்கு நான் தலைவி. பெயர் பாவாத்தாள், படிப்பு எட்டாம் வகுப்பு, களையெடுத்துக் காய்ச்சுப்போன கை. தொண்ணூற்றாறு தேர்தலில் பதவியை ஆதிதிராவிடப் பெண்ணுக்கு ஒதுக்கியதால் நின்றேன். மூன்றாம் வார்டுக்குக் கக்கூஸ் கட்டித் தருவேன் என்று சொன்னதால் ஜெயித்தேன். எங்கள் வார்டில் ஒரு வீட்டிலும் அது கிடையாது. பெண்கள் விடியும் முன்னே முள்ளுக்காட்டுக்குப் போயாக வேண்டும். போன ஐப்பசியில் பக்கத்து வீட்டுக் கயல்விழியைப் பாம்பு கடித்தது அங்கேதான். பிழைத்துக்கொண்டாள், ஆனால் இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள்.

எங்கள் ஊர் பம்பு கம்பெனிக்கு வந்துபோன ஜெர்மன்காரர்கள் மூலமாக, அவர்களுடைய ஊர் எங்களோடு சகோதரி நகரமாக விரும்புகிறது என்று கடிதம் வந்தது. அக்காவா தங்கச்சியா என்று எங்கள் தெருவில் ஒரு வாரம் வழக்கு நடந்தது. அந்த ஊர் மேயர் இங்கிரிட் அம்மாள் முன்பு சாக்கடை இன்ஜினியராக இருந்தவராம். கக்கூஸ் கட்டவும் கழிவுநீர்க் குழாய் போடவும் ஆள் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். அதைத்தான் ஒப்பந்தத்தில் நாலாவது வரியாகச் சேர்த்திருந்தோம்.

அடித்த பேனா யாருடையதோ தெரியாது. பக்கத்தில் ‘கலை, பண்பாட்டுப் பரிமாற்றம் மட்டும்’ என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள்.

செயல் அலுவலர் வெங்கடபதியிடம் எடுத்துக்கொண்டு போனேன். முந்தின தலைவரை எழுந்து நின்று “வாங்க” என்றவர், என்னை உட்கார்ந்தபடியே “வாம்மணி” என்பார்.

“வெளிநாட்டுக்காரங்ககிட்டப் போயி நம்ம கக்கூஸ் கதையச் சொன்னா நாட்டுக்கே கேவலம். அதான் மேல அடிச்சுப்போட்டாங்க. நீ பேசாம உன்ற வார்டுல இருந்து இருவது பொம்பளைங்களக் கும்மியடிக்கக் கூட்டிட்டு வா. சீலை நாங்க எடுத்துத் தாரோம்.”

“சரிங்க,” என்றேன். காட்டில் ஒதுங்குவது கேவலமில்லையாம், வெளியே சொன்னால்தான் கேவலமாம்.

கல்யாண மண்டபத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் விழா. முன்வரிசையில் இங்கிரிட் அம்மாள், அவர் பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த ஆர்.எஸ்.புரத்துக் கல்லூரிப் பெண் மேக்னா. கும்மி என்று வெங்கடபதி அறிவித்ததும் எங்கள் பெண்கள் புதுச் சீலையில் மேடையேறினார்கள். இருபது பேர் கையிலும் தண்ணீர்ச் சொம்பு. வட்டமாக நின்றார்கள். கை தட்டவில்லை, பாடவில்லை.

“ஏம்புள்ள, கும்மிக்கு எதுக்குச் சொம்பு?” என்று வெங்கடபதி பல்லைக் கடித்தார்.

முன்னால் நின்ற பழனியாத்தாள் மைக்கைப் பிடித்தாள். “பண்பாடு மட்டுந்தான் காட்டோணும்னு சொன்னீங்களாமுங்க. தெனமும் விடியறதுக்குள்ள நாங்க இதத் தூக்கிட்டுத்தானுங்க காட்டுக்குப் போறோம். எங்கம்மா போனாங்க, அவங்கம்மா போனாங்க. எங்க பண்பாடு இதுதானுங்க.”

மேக்னா வெங்கடபதியைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள்.

இங்கிரிட் அம்மாள் எழுந்து என்னிடம் வந்து ஏதோ கேட்டார்.

“நாலாவது வரிய நீங்களே வேண்டாம்னு எடுத்துட்டதா அவங்களுக்குக் கடுதாசி வந்துதாமுங்க,” என்றாள் மேக்னா.

மேசையிலிருந்த ஒப்பந்தத்தை இழுத்து, அடித்த வரிக்கு மேலேயே ‘மூன்றாம் வார்டுக்குக் கக்கூஸ் வேண்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“இது செல்லாதம்மணி,” என்றார் வெங்கடபதி. “மேல திருப்பி அனுப்பிப்போடுவாங்க. உன்ற பதவிக்கே வேட்டு.”

“அனுப்பட்டுங்க. நாங்க வேண்டாம்னு சொன்னோம்னு மட்டும் இனி எவனும் எழுத முடியாதுங்க.”

பேனாவை இங்கிரிட் அம்மாளிடம் நீட்டினேன்.